கேக்கின் மேல் கொஞ்சம் சுக்கு

பிறந்தநாள் வீட்டில் கூட்டம் கலைந்த பிறகு கிடக்கும் பேப்பர் தட்டுகளைக் கொஞ்ச காலமாக உற்றுப் பார்க்கிறேன். கேக்கைத் தின்றிருக்கிறார்கள், கிரீமை வழித்துத் தட்டோரத்தில் ஒதுக்கியிருக்கிறார்கள். ரோஜாப்பூ வைத்த துண்டுதான் வேண்டும் என்று அழுது வாங்கிய பிள்ளையின் தட்டிலும் அந்தப் பூவில் பாதி மிச்சம் இருக்கிறது. மல்லாங்கிணறு மாதிரியான கரிசல்காட்டு ஊரில் தட்டில் மிச்சம் வைக்கும் பழக்கம் கிடையாது. மழை தப்பினால் வெள்ளாமை தப்பிவிடும் என்ற பயத்தோடு வளர்ந்தவர்கள், இலையில் ஓடிய குழம்பைக்கூட வழித்து நக்குகிறவர்கள், விருதுநகரிலிருந்து மோட்டார் சைக்கிளில் மடியில் ஏந்திக் காப்பாற்றிக் கொண்டுவந்த கேக்கில் கண்ணுக்கு மிக அழகாக இருந்த பகுதியை மட்டும் ஒதுக்கிவிடுகிறார்கள். யாரும் அதைக் குறையாகச் சொல்வதில்லை. ‘திகட்டுது’ என்று ஒரு வார்த்தை, அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எனக்கு முடியவில்லை. ஒரு வீடு தன் சந்தோஷத்துக்கென்று காசு கொடுத்து வாங்கிய பொருள், அந்த வீட்டாரே தின்னமுடியாததாக ஏன் இருக்கிறது என்ற கேள்வி குப்பைக்குப் போகும் தட்டுகளோடு போகாமல் என்னிடமே தங்கிவிட்டது.

சீனி அதிகம், அதனால் திகட்டுகிறது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் நம் வட்டாரம் சீனிக்குப் பயந்த வட்டாரம் இல்லை. சாத்தூர்க் கடைகளில் கருப்பட்டி மிட்டாயைப் பாகிலிருந்து எடுத்து அடுக்கியிருப்பதைப் பார்த்தால், அடித்தட்டில் வடிந்து தேங்கிய பாகு தனியாகப் பளபளக்கும். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவில் பாலையும் சீனியையும் தவிர வேறொன்றும் கிடையாது. பால் அத்தனை தூரம் வற்றினால் மிஞ்சுவதில் கொழுப்பும் சேர்த்திதான். அதைக் கால் கிலோ வாங்கி, பஸ் கிளம்புவதற்குள் மடியிலேயே முடித்துவிடுகிறவர்களை எனக்குத் தெரியும். அங்கெல்லாம் திகட்டல் வருவதற்குள் வேறொன்று வந்துவிடுகிறது. பால்கோவாவில், அடிப்பிடிக்கிற எல்லைவரை போய்த் திரும்பிய பாலின் வாசமும் நாக்கில் மணல் மணலாக நெருடுகிற திரட்சியும். கருப்பட்டி மிட்டாயில், அரிசியும் உளுந்தும் சேர்ந்த முறுகல், கருப்பட்டிக்கே உரிய மெல்லிய உவர்ப்பு, தொண்டையில் இறங்கும்போது தெரிகிற சுக்கு. இனிப்பு அங்கே துணையோடு வருகிறது. கிரீமில் அது தனியாக வருகிறது. பொடித்த சீனி, மணமில்லாத ஒரு கொழுப்பு, சில சொட்டு வெனிலா எசன்ஸ். வாயில் வைத்ததும் சீனி கரைந்துவிடுகிறது. கொழுப்பு அண்ணத்தில் படலமாகப் படிந்து நின்றுவிடுகிறது. அடுத்த வாய்க்கு இடம் விடாமல் முந்தின வாய் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. திகட்டுகிறது என்று நாம் சொல்வது இனிப்பின் அளவைப் பற்றிய புகார் என்று இப்போது நான் நம்புவதில்லை. முடியத் தெரியாத இனிப்பைப் பற்றிய புகார் அது.

அந்தக் கொழுப்பு கேக்கின் மேல் ஏறியதற்கு வெயில் ஒரு பெரிய காரணம். வெண்ணெய் 32இலிருந்து 35 டிகிரிக்குள் உருகிவிடும். சித்திரையில் எங்கள் பக்கம் பகல் வெப்பம் 38, 40 என்று ஏறும்போது உறைந்த நெய்யை யாரும் வீட்டில் பார்க்கமுடியாது. தூக்கில் எண்ணெயாகத்தான் கிடக்கும். இந்த ஊர்களில் வெண்ணெயில் பூப்போட்டு, கண்ணாடி அலமாரியில் வைத்து, கரண்ட் போன மத்தியானத்தையும் தாண்டி விற்கவேண்டிய பேக்கரிக்காரர் வனஸ்பதிக்குப் போனார் என்றால் அதில் அவர் குற்றம் ஒன்றுமில்லை. 1937இல் சந்தைக்கு வந்த டால்டா என்ற பெயர் வனஸ்பதி முழுமைக்குமான பெயராகவே நம் வாயில் நிலைத்துவிட்டது. வனஸ்பதியின் உருகுநிலை 31இலிருந்து 41 டிகிரிக்குள் இருக்கவேண்டும் என்கிறது இந்திய உணவு விதி. அந்த மேல் எல்லையில் இருக்கிற சரக்கு நம் வெயிலைத் தாங்கிவிடும். ஆனால் மனித உடம்பின் சூடு 37 டிகிரிதான். வெயிலுக்கு உருகாத கொழுப்பு வாய்க்குள்ளும் முழுதாக உருகாது. அண்ணத்தில் படிகிற படலம் அங்கிருந்து வருகிறது. வனஸ்பதி பற்றி இன்னொரு பழைய விதியும் உண்டு. நெய்யில் அதைக் கலந்து விற்றால் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காக, அதில் நல்லெண்ணெய் சேர்ந்திருக்கவேண்டும் என்று வைத்தார்கள். ஆய்வகத்தில் அமிலத்தோடு சேரும்போது நல்லெண்ணெய் சிவப்பு நிறம் காட்டிவிடும். நல்லெண்ணெய் வணிகத்தில் நாடு முழுக்கப் பெயர் வாங்கிய விருதுநகர்ப் பக்கத்தில், அதே எண்ணெய் மணம் தெரியாத அளவில், துப்புச் சொல்வதற்காக மட்டும், கேக்குக் கிரீமுக்குள் இருந்திருக்கிறது என்பதை அறிந்தபோது எனக்கு நெடுநேரம் மனம் ஒப்பவில்லை. சட்டத்துக்குத் தேவைப்பட்ட எண்ணெய், நாக்குக்குத் தேவைப்படாமல் போயிருக்கிறது.

2022 ஜனவரியிலிருந்து எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்றாகிவிட்டது. அதற்கு வெகு முன்பே பேக்கரிகளில் அட்டைப்பெட்டியில் உறைந்து வருகிற விப்பிங் கிரீம் வந்து சேர்ந்திருந்தது. பாலாடையிலிருந்து வருவதாகப் பலரும் நினைத்துக்கொண்டிருக்கும் அதில் பெரும்பாலும் இருப்பது தண்ணீர், சீனி, கெட்டியாக்கப்பட்ட செம்பனைப் பருப்பெண்ணெய், அதைக் கலையாமல் பிடித்துவைக்கும் பொருள்கள். பால் கிரீமை அடித்தால் ஏறத்தாழ இரண்டு மடங்கு பொங்கும். இது மூன்று, நான்கு மடங்கு பொங்கிவிடும். எடை போட்டுப் பார்த்தால் மிக லேசான பூச்சு இது. என் யோசனை சிக்கிக்கொண்ட இடம் இதுதான். கனமில்லாத ஒரு பூச்சை வீட்டில் செய்யவேண்டும் என்பதுதானே என் ஆசை? கடையில் அது ஏற்கெனவே கிடைக்கிறதே! பிறகு ஏன் அந்தப் புதுக் கிரீமும் தட்டோரத்தில் கிடக்கிறது? நுரைக்குள் அடைத்த காற்றால் வருகிற லேசு ஒன்று. தின்று முடித்த பிறகு வாய் காலியாகி, இன்னொரு வாய்க்குத் தயாராக இருக்கிற லேசு வேறொன்று. முன்னதற்கு இயந்திரம் போதும். பின்னதற்கு இனிப்போடு சேர்ந்து வந்து, அதைக் கூட்டிக்கொண்டு திரும்பிப் போகிற ஒரு பொருள் வேண்டும்.

செம்பனையைப் பற்றி நினைக்கும்போது நம் பனையை நினைக்காமல் இருக்க முடிவதில்லை. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் விளைந்த ஒரு பனையின் கொழுப்பு கடல் கடந்து வந்து எங்கள் கேக்கின் மேல் உட்காருகிறது; கண்மாய்க்கரையில் நிற்கிற பனையில் ஏற ஆளில்லை. பாளை சீவுவது ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறி இறங்குகிற வேலை. கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவவேண்டும், இல்லாவிட்டால் விடிவதற்குள் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். அந்தப் பதநீரைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி எடுத்தால் கருப்பட்டி. பாகை வாரக்கணக்கில் அசையாமல் விட்டு எடுத்தால் பனங்கற்கண்டு. சுக்கும் ஏலமும் சேர்த்துச் சின்னச் சில்லாக வார்த்தால் சில்லுக் கருப்பட்டி. 2023இல் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது பெருமைதான். ஆனால் என்னைப் பொறுத்தவரை சில்லுக் கருப்பட்டிதான் இந்த விஷயத்தில் ஆசான். அதைச் செய்தவர்களுக்கு இனிப்பைத் தனியாக அனுப்பக்கூடாது என்பது தெரிந்திருக்கிறது. பொரிகடலைக் கடையில் ஒன்றை எடுத்துக் கடைவாயில் அடக்கினால் முதலில் புகை வாசம், பிறகு இனிப்பு, அது ஓயும் நேரத்தில் சுக்கின் காந்தல். ஒன்று கரைந்து முடிந்ததும் கை தானாக இன்னொன்றுக்குப் போகிறது.

சுக்கு அப்படி நடந்துகொள்வதற்குக் காரணம் இருக்கிறது. பச்சை இஞ்சியின் உறைப்பு ஜிஞ்சரால் என்ற பொருளால் வருவது. இஞ்சி காயும்போது அது நீரிழந்து ஷோகால் ஆகிறது. உறைப்பு அதில் இன்னும் கூடுதல். உறைப்பை நாக்கின் சுவையரும்புகள் உணர்வதில்லை, சூட்டையும் வலியையும் அறிகிற நரம்புகள் உணர்கின்றன. அதனால் அது இனிப்புக்குப் பின்னால்தான் வந்து சேரும், நாக்கைவிடத் தொண்டையில் அதிகமாகத் தங்கும். கொழுப்பு படிந்து நிற்கிற அதே நேரத்தில் சுக்கு வந்து அந்த இடத்தைச் சூடாக்குகிறது. ஏலக்காய் எதிர்ப்பக்கத்திலிருந்து வேலை செய்யும். அதன் மணம் வாயில் வைப்பதற்கு முன்பே மூக்குக்கு வந்துவிடும்; கொழுப்பில் நன்றாகக் கரைவதால் வெண்ணெயில் கலந்து ஓர் இரவு வைத்தால் இன்னும் விரிந்துவிடும். போடி ஏலச்சந்தையின் முதல்தரக் காய் வேண்டும் என்பதில்லை. பழைய வீடுகளில் செய்த மாதிரி தோலோடு சேர்த்துச் சீனியிலோ கற்கண்டிலோ போட்டு அரைத்தால் போதும், தோலில் இருக்கிற மணமும் வீணாகாது. பட்டையைக் கொஞ்சம் சேர்த்தால் சீனியைக் குறைக்க முடிகிறது, ஏனென்றால் அதன் வாசத்தையே மூளை இனிப்போடு சேர்த்து வைத்துக்கொள்கிறது. ஜாதிக்காய் இரண்டு இழைப்புக்கு மேல் போனால் மருந்தாகிவிடும். கிராம்பை நான் விட்டுவிட்டேன். நம் ஊரில் கிராம்பு வாசம் வந்தால் பல்வலிதான் ஞாபகத்துக்கு வரும், பிறந்தநாள் வராது.

கேக்குக்கும் வாசனைச் சரக்குக்கும் உள்ள உறவு புதிதல்ல. 1883இல் தலச்சேரியில் மாம்பள்ளி பாப்பு தன் ராயல் பிஸ்கட் ஃபேக்டரியில் கிறிஸ்துமஸ் கேக் செய்த கதை பலருக்கும் தெரிந்திருக்கும். மாதிரி கேக்கைக் கொண்டுவந்து கொடுத்தவர் அஞ்சரக்கண்டிப் பட்டைத் தோட்டத்தின் மர்டாக் பிரவுன். அந்தக் கேக் பட்டைத் தோட்டத்தின் வாசலிலிருந்து புறப்பட்டது. அதற்கு மேல்பூச்சு எதுவும் தேவைப்பட்டிருக்கவில்லை. இலங்கையில் இன்றும் கிறிஸ்துமஸ் கேக்கை ரவையும் முந்திரியும் வாசனைச் சரக்குகளுமாகச் செய்து, கல்யாணத்தில் விரல் நீளத் துண்டாக வெட்டித் தாளில் சுற்றிக் கையில் கொடுக்கிறார்கள். ஒரு துண்டோடு போதும் என்பதை அந்தக் கேக்கே சொல்லிவிடும். வெள்ளைப் பஞ்சுக் கேக்கும் வெள்ளைக் கிரீமும் நம் சின்ன ஊர்களுக்கு வந்தபோது இந்தச் சரக்குகள் எல்லாம் வழியிலேயே இறங்கிவிட்டன. மேலே என்ன பூசுவது என்று நான் கேட்பது, இறங்கிப்போனவற்றை எந்தக் கதவு வழியாகத் திரும்ப அழைப்பது என்ற கேள்விதான்.

வேறு வழிகளும் இருக்கின்றன. அவை எனக்கு ஒத்துவரவில்லை. முட்டை வெள்ளையை நுரைக்க அடித்துச் சீனி சேர்க்கும் கலை நமக்குப் பக்கத்திலேயே தூத்துக்குடியில் மக்ரூனாக நிலைத்திருக்கிறது. வெண்ணெய் துளியும் இல்லாமல் முட்டை வெள்ளை, சீனி, முந்திரி மூன்றையும் வைத்து அவர்கள் எட்டியிருக்கும் லேசுக்கு ஈடில்லை. ஆனால் அது மெல்லிய சூட்டில் நெடுநேரம் உலர்ந்து நிற்பது. உலராத முட்டை நுரையைக் கேக்கின் மேல் பூசினால் எங்கள் வீடுகளில் கவுச்சி அடிக்கிறது என்பார்கள், அந்தப் பேச்சில் நியாயமும் இருக்கிறது. துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிரில் தேனும் ஏலமும் சேர்த்தால் ருசி அருமையாக இருக்கும், ஒரு மணி நேரத்தில் தண்ணீர் விட ஆரம்பித்துவிடும். கிண்ணத்தில் வைத்துத் தின்னலாம், கேக்கில் நிறுத்த முடியாது.

எனக்குப் பிடித்துப்போனது மாவைப் பாலில் காய்ச்சி எடுக்கிற கிரீம். அமெரிக்காவில் சிவப்பு வெல்வெட் கேக்குக்கு முற்காலத்தில் இதைத்தான் பூசினார்கள் என்று படித்தபோது எனக்கு வெல்வெட் நினைவுக்கு வரவில்லை, உளுந்தங்களிதான் நினைவுக்கு வந்தது. வயசுக்கு வந்த பிள்ளைகளுக்கு இடுப்புக்குப் பலம் என்று கருப்பட்டிப் பாகில் உளுந்துமாவைக் கொட்டி, நல்லெண்ணெய் விட்டு விட்டுக் கிண்டுவார்களே, அதன் கட்டுமானமும் இதுவேதான். மாவு வெந்து தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது, அந்தப் பிடிப்புக்குள் இனிப்பும் கொழுப்பும் போய் உட்காருகின்றன. சாதாரண வெண்ணெய் ஐசிங்கில் 250 கிராம் வெண்ணெய்க்கு 500 கிராம் சீனிப்பொடி போடவேண்டியிருப்பதற்குக் காரணம், அங்கே சீனிதான் உடம்பு. மாவுக்கூழ் அந்த வேலையை எடுத்துக்கொண்டால் சீனி தன் வேலையை மட்டும் பார்த்தால் போதும். நான் போடுகிற கணக்கு இது: கால் லிட்டர் பால், 35 கிராம் மைதா, அதில் கால் பங்கை எடுத்துவிட்டு அதற்குப் பதில் வாசம் வர வறுத்து அரைத்துச் சலித்த உளுந்துமாவு, 120 கிராம் பனங்கற்கண்டுப் பொடி, 150 கிராம் வெண்ணெய், அரைத் தேக்கரண்டி சுக்குப்பொடி, ஆறு ஏலக்காய். கருப்பட்டியையே போடலாம், ஆனால் அதை முதலில் கரைத்து மண் போக வடிகட்டவேண்டும். கொதிக்கிற பாலில் ஊற்றினால் பால் திரிந்துவிடும் என்பதால் கூழ் ஆறிய பிறகுதான் சேர்க்கவேண்டும். ஈரம் அதிகமாகி கிரீம் இளகுவதும் உண்டு. பனங்கற்கண்டில் அந்தத் தொல்லை இல்லை. மிக்ஸியில் ஏலக்காயோடு ஓட்டினால் மணலைவிட மென்மையாக, இளம்பழுப்பில் பொடியாகிறது.

கூழ் காய்ச்சுவதில் அவசரம் கூடாது. குளிர்ந்த பாலில் மாவைக் கட்டியில்லாமல் கரைத்து, அடிகனமான சட்டியில் சின்னத் தீயில் வைத்துக் கிண்டிக்கொண்டே இருக்கவேண்டும். நெடுநேரம் பாலாகவே இருக்கும், ஒன்றும் நடக்காத மாதிரி தெரியும். பிறகு கரண்டி சுற்றுகிற பாதையில் ஒரு கனம் கைக்குத் தட்டுப்படும். இன்னும் கொஞ்ச நேரத்தில் கரண்டி போன தடம் மூடாமல் நின்று, அடிச்சட்டி ஒரு கணம் தெரிந்து மறையும். அப்போது கற்கண்டையும் சுக்கையும் போட்டால் மறுபடி இளகி, பளபளத்து, மறுபடி இறுகும். பச்சைமாவு வாசம் அடங்கி உளுந்தின் வறுவாசம் மேலே வருகிற இடத்தில் இறக்கிவிடலாம். ஆடை கட்டாமல் இருக்க எண்ணெய் தடவிய தாளை அதன் முகத்தோடு ஒட்டி மூடவேண்டும். பிறகு முழுக்க ஆறவேண்டும். தொட்டால் வெதுவெதுப்புக்கூட இருக்கக்கூடாது, இருந்தால் வெண்ணெய் உருகிவிடும். கோடையில் இந்த ஆறுதல்தான் பெரும்பாடு. அதனால் இரவிலேயே கூழைக் காய்ச்சி மூடிவைத்து, விடிவதற்கு முன் எழுந்து, குளிர்ந்த தண்ணீர்த் தாம்பாளத்துக்குள் பாத்திரத்தை வைத்து வெண்ணெயைத் தனியாக வெளுக்கும்வரை அடித்து, கூழைக் கரண்டி கரண்டியாகச் சேர்க்கிறேன். பாதி சேர்ந்த நிலையில் அது திரிந்துபோன மோர் மாதிரி பிரிந்து காட்டும். அங்கே கையை நிறுத்தாமல் அடித்துக்கொண்டே போனால் ஒரு இடத்தில் சட்டென்று ஒன்றுகூடி, பட்டு நெகிழ்வோடு எழும்பி நிற்கும். விரலில் எடுத்து வாயில் வைத்தால் முதலில் குளிர்ச்சி, அப்புறம் ஏலம், பாலும் உளுந்தும், இனிப்பு. எல்லாம் இறங்கிய பிறகு சுக்கு. அண்ணத்தில் ஒன்றும் மிச்சமில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகும் ஒரு சஞ்சலம் தீரவில்லை. அந்த வெள்ளைக் கிரீம் யாருடைய ஆசை? சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டத்தில் விடிகாலை வேனுக்குக் காத்து நிற்கிற பெண்கள் தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆபீசுக்கும் போகிறவர்கள். 1923இல் கல்கத்தாவிலிருந்து தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கியதிலிருந்து இந்த மண்ணின் கூலி வாரக்கூலியாக இருக்கிறது. அந்த வாரக்கூலியில் ஒரு பகுதியை ஒதுக்கிப் பிள்ளையின் பெயர் எழுதிய கேக் வாங்குகிற தாய்க்கு அதன் வெண்மை சின்ன விஷயமில்லை. நாளெல்லாம் அலுமினியப் பொடியும் கந்தகமும் அப்பிய கையோடு இருக்கிறவளுக்கு, சிவப்பும் பச்சையுமாக ஊரார் வீட்டுக் கொண்டாட்டங்களுக்கு நிறம் கட்டிக்கொடுக்கிறவளுக்கு, தன் வீட்டுக் கொண்டாட்டத்தில் அப்பழுக்கில்லாத வெள்ளையும் அதன் மேல் ஒரு ரோஜாவும் வேண்டியிருக்கிறது. படம் எடுத்தால் அது பளிச்சென்று விழுகிறது. என் கிரீம் கரிசலுக்குப் பக்கத்து நிறம். பனங்கற்கண்டும் சுக்கும் சேர்ந்தால் பழுப்புதான் வரும், அதை வெளுக்க வழியில்லை. கஷ்டப்பட்டு வாங்கிய கொண்டாட்டத்தைப் பார்த்து, இது ருசி இல்லை, பழையபடி கருப்பட்டிக்கு வா என்று சொல்கிற உரிமை எனக்கு உண்டா? கருப்பட்டி ஒரு காலத்தில் சீனி வாங்க வழியில்லாதவர்களின் இனிப்பாக இருந்தது என்பதையும் நான் மறந்துவிடக்கூடாது. வெள்ளைச் சீனிக் காப்பி விருந்தாளிக்கு, கருப்பட்டிக் காப்பி வீட்டாளுக்கு என்றிருந்த வீடுகளில் வளர்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் பேரப்பிள்ளைக்கு வெள்ளைக் கிரீம் வாங்கும்போது ஒரு பழைய வழக்கைத் தீர்த்துக்கொள்கிறார்கள். அதை நான் மதிக்கிறேன். அதே நேரம், தட்டோரத்தில் ஒதுக்கியதும் அவர்கள்தான் என்பதை மறைக்க முடியவில்லை. கண் கேட்டதைக் கடை கொடுத்துவிட்டது. நாக்கு கேட்டதை யாரும் விசாரிக்கவில்லை. இரண்டையும் ஒரே கேக்கில் கொடுக்கமுடியாதா என்பதுதான் என் கவலை. அதற்காகவே உள்ளடுக்கில் சுக்குக் கிரீமும் வெளியே வெண்ணெயும் சீனியும் மட்டும் அடித்த மெல்லிய வெள்ளைப் பூச்சும் போட்டுப் பார்க்கிறேன். கண்ணுக்கு வெள்ளை, வெட்டினால் பழுப்பு வரி. பிள்ளைகள் அதை ஏற்றுக்கொள்கிறார்கள். எனக்குத்தான் இன்னும் நிறைவில்லை, பூசி மறைத்து உள்ளே அனுப்பவேண்டிய அளவுக்குச் சுக்கு என்ன தப்புச் செய்தது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

கூழ் கிண்டுவதை அடுக்களை வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மா ஒரு நாள் கேட்டார், “களியத்தான கிண்டுற, இதுக்கு எதுக்குத்தா வெண்ணெ? நல்லெண்ணெய ஊத்து.” வெண்ணெய் இருந்தால்தான் இறுகும், இறுகினால்தான் பூப்போட முடியும் என்று சொன்னேன். “பூவத் திங்கவா போறாக?” என்றார். அவர் சொன்னதில் இருந்த உண்மையை ஒதுக்க முடியவில்லை. நல்லெண்ணெய் எந்தக் குளிரிலும் எங்கள் ஊரில் உறையாது. உறையாத எண்ணெய்க்குக் காற்றைப் பிடித்துவைக்கத் தெரியாது. அடித்து நுரைக்க வைக்கமுடியாது, நோசிலில் போட்டுப் பிழிய முடியாது. ஆனால் வெண்ணெயே இல்லாமல், அதன் அளவில் மூன்றில் ஒரு பங்கு நல்லெண்ணெய் விட்டு, பாலைக் கொஞ்சம் கூட்டிக் கூழ் காய்ச்சி, அது சூடு தணிந்ததும் சுக்கு தட்டிப்போட்டு வடிகட்டிய கருப்பட்டிப் பாகைச் சேர்த்தால் கேக்கின் மேல் ஊற்றுகிற பதத்தில் ஒரு களி வருகிறது. இளஞ்சூட்டில் ஊற்றினால் நடுவிலிருந்து தானாகப் பரவி ஓரத்தில் வடிந்து நிற்கிறது, ஆறினால் மேலே மெல்லிய தோல் கட்டிக்கொள்கிறது. வெயில் அதை ஒன்றும் செய்வதில்லை. உருகுவதற்கு அதில் எதுவுமில்லை. எள்ளின் வாசம் முன்னால் நிற்கிறது, இம்முறை ஆய்வகத்துக்காக இல்லை. மார்கழி, தையில் பிறந்த பிள்ளைகளுக்கு வெண்ணெய்க் கிரீமும் பூவும் போடுகிறேன், அந்த மாதக் குளிரில் அது நிற்கிறது. பங்குனி, சித்திரை, வைகாசிப் பிள்ளைகளுக்கு இந்த நல்லெண்ணெய்க் களியை ஊற்றுகிறேன். சந்தைக்குப் புதுக் கருப்பட்டி வருகிற மாதங்களும் அவைதான்.